மூடி போட்ட குப்பைத்தொட்டி

மீன் எண்ணெய் மாத்திரை கன்னத்துக்குள் மெல்ல உருகத் தொடங்கியிருந்தது. டிரைவர் வாயைத் திறக்காமல் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முழுங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"எங்க, நாக்கை நீட்டுங்க."

"ம்ஹும்." கடிகாரத்தைக் காட்டிவிட்டு வேகமாக வெளியேறினார்.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை உடல் தகுதிப் பரிசோதனை உண்டு. இந்த முறை டிப்போ டாக்டர் அவருடைய எடையைப் பார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், கடைசியில் முகத்தைப் பார்த்தார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். தினமும் நடங்க. ரெண்டும் இறங்கலேன்னா ஸ்டியரிங்கை விட்டுட்டு பஸ் கழுவுற செக்‌ஷனுக்குப் போக வேண்டியதுதான்."

"ஊரையே தினம் சுத்தி வர்றேன் டாக்டர். இன்னும் நடக்கணுமா?"

"சுத்துறது பஸ்ஸு. நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

பாதி ஆயுசு பிடித்த ஸ்டியரிங். அதை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதாவது! ஆனாலும் தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போய் வருகிறவருக்குக் கால் எங்கே எழும்பும்? சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி இரண்டு டப்பாக்களோடு வந்து நின்றாள். ஒன்றில் மீன் எண்ணெய். இன்னொன்றில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சத்து மாத்திரை.

"இதெல்லாம் சுத்த ஏமாத்து வேலை. வேளாவேளைக்குச் சாப்பிடறவனுக்கு எதுக்குடி சத்து மாத்திரை? டப்பாக்காரன் கொழுக்கறதுக்கா?"

"அப்ப நடங்க."

"மாத்திரையைக் குடு."

அப்படி வாங்கிய மாத்திரைதான் இப்போது கன்னத்தில் இருந்தது. வழியில் துப்பிவிடலாம் என்று பார்த்தால், டிப்போ வாசலிலேயே கண்டக்டர் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் வேறு யாருமில்லை, மனைவியின் சித்தி மகன். முதல் வளைவில் மாத்திரை உடைந்தது.

"மாமா, யாரோ மீன் கூடையோட ஏறியிருக்காங்க. சீட்டுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன், ஆளைக் காணோம்."

"ம்," என்றார் டிரைவர்.

கண்டக்டர் அன்றே செய்தியை அக்காவிடம் சொல்லிவிட்டார். "வெறும் வயித்துல குடுத்தது தப்பு. ஏப்பம் வந்திருக்கு. இனிமே சாயங்காலம் சாப்பிட்டப்புறம்," என்று முடிவெடுத்தாள் அவள்.

டிரைவர் மாத்திரைகளைச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டார். குப்பையைப் பிரிக்கும்போது கண்டெடுத்து, "கை தவறிடுச்சா?" என்று புதிதாக இரண்டு கொடுத்தாள். கழிவறையில் போட்டார். சத்து மாத்திரை கல் மாதிரி உள்ளே போனது, மீன் எண்ணெய் போக மறுத்து மிதந்தது. எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் சிரித்துக்கொண்டே மேலே வந்தது. சட்டைப் பையில் வைத்தால் துவைக்க எடுப்பவள் அவள். டிப்போவில் எறிந்தால் கண்டக்டர் இருக்கிறார்.

ஒரு நாள் பால்கனிப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டினார். கீழ்வீட்டுப் பூனை அதைத் தோண்டித் தின்றது. மறுநாள் சாயங்காலம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, கடன் கொடுத்தவன் மாதிரி அவரையே பார்த்தது.

"உங்ககிட்ட இதுக்கு அப்படி என்னங்க ஒட்டுதல்?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? போன ஜென்மத்து உறவா இருக்கும்."

அந்த வாரம் அவள் தையல் வகுப்பில் சேர்ந்தாள். சாயங்காலம் மாத்திரைகளை அவர் கையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். விட்டது சனி என்று அவர் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். பூனையும் கூடவே வந்தது. தொட்டியில் குதித்து மாத்திரையை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. கீழ்வீட்டம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்க பூனைக்கு என்ன போடறீங்க?"

அடுத்த தெருவுக்குப் போனார். பூனையும் வந்தது. பூங்காவைச் சுற்றிப் போனார். அங்கும் வந்தது. கடைசியில், நடைமேம்பாலத்தின் படிகளை மட்டும் அது ஏறாது என்று கண்டுபிடித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெரிய பள்ளிக்கூட மதிலையும் தாண்டிப் போனால், மருந்துக் கடைக்கு எதிரே கனமான இரும்பு மூடி போட்ட தொட்டி ஒன்று இருந்தது. அங்கே போய் மூடியைத் தூக்கி, மாத்திரைகளைப் போட்டு, மூச்சிரைக்கத் திரும்புவார். தினமும் இதே பாடு. ஒரு மாத்திரையை விழுங்காமல் இருப்பதற்கு மனுஷன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று படிக்குப் படி முணுமுணுப்பார்.

மூன்று மாசம் கழித்து டாக்டர் எடை இயந்திரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "பிரமாதம். என்ன பண்ணினீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த கண்டக்டர் முந்திக்கொண்டார். "எல்லாம் எங்கக்கா குடுத்த மாத்திரை சார்."

ஸ்டியரிங் தப்பியது. நிம்மதி போனது. டிப்போவே மாத்திரையின் பெயரைக் கேட்டது. சர்க்கரை நோய்க்கார மெக்கானிக் தோளில் கை போட்டார். "அண்ணே, சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு நானும் இதுக்கே மாறிடலாம்னு இருக்கேன்."

"ஐயோ, அதுல ஒண்ணுமே இல்லப்பா. அதெல்லாம் பண்ணிடாதே."

"நீங்க மட்டும் இளைச்சாப் போதும், இல்ல?"

அன்று ராத்திரி அவர் டப்பாவோடு உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் மெக்கானிக் படுத்துவிடுவான். மாத்திரையில் ஒன்றுமில்லை என்று மருந்துக் கடைக்காரர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் வழி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். தொட்டிக்கு எதிரே இருக்கும் கடையின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் பாலம் ஏறி இறங்கி அங்கே போனார். கல்லாவில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள்.

"ஏம்மா, நிஜமாச் சொல்லு. இந்த மாத்திரையால உடம்புக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

"பெருசா ஒண்ணுமில்ல சார்."

"அதை அப்படியே எங்க டிப்போவுக்கு வந்து சொல்லணும்மா. முக்கியமா எங்க வீட்டம்மாகிட்ட. பாவம், இதை நம்பி வாங்கிட்டிருக்கா."

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தாள். பிறகு அவரை நன்றாகப் பார்த்தாள். "ஓ, நீங்களா சார்? உங்க வீட்டம்மா முதல்ல நல்ல கம்பெனி மாத்திரைதான் வாங்கினாங்க. அப்புறம்தான் இருக்கறதுலயே மட்டமானது போதும்னாங்க. மீன் வாசனை மட்டும் குறையக் கூடாதாம். பூனை வராமப் போயிடுமாம்."

டிரைவர் மெல்லத் திரும்பி எதிரே இருந்த தொட்டியைப் பார்த்தார். கடைக் கண்ணாடியோரம், தெருவைப் பார்த்தபடி ஒரு ஸ்டூல் கிடந்தது. அதன்மேல் அவருடைய பழைய சட்டை ஒன்று, பாதி பட்டன் தைத்தபடி, ஊசியோடு இருந்தது.

"நேத்துகூடக் கேட்டாங்க சார், அந்தத் தொட்டியை இன்னும் ரெண்டு தெரு தள்ளி வைக்கணும்னா யார்கிட்ட சொல்லணும்னு."