தேவை அணித் தலைவர்

இனி இந்த வீட்டுக்குள் ஜெர்மன் என்ற சொல்லே கேட்கக் கூடாது என்று சொற்போர் வீரையன் தீர்மானம் போட்டார். முன்மொழிந்தவரும் அவர், வழிமொழிந்தவரும் அவர். எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டிய மனைவி அம்சவல்லி, கருவாட்டுக் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வீரையனுக்குக் கொஞ்சம் நஞ்சை, ஒரு பம்புசெட், ஒரு மனைவி, ஒரு மகள். இவை எல்லாவற்றையும்விட அவர் போற்றிக் காத்தது தன் தொண்டையை. காவிரியில் தண்ணீர் வராத வருஷம் ஏன் வரவில்லை என்று கழக மேடையில் பேசுவார். வந்த வருஷம் அது ஏன் கடைமடைக்குப் போகவில்லை என்று பேசுவார். மீத்தேன் எடுக்க வயலைக் குடைய வந்தபோது அவர் பேசிய பேச்சில், அளக்க வந்த ஆட்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்களாம். இது அவரே சொல்லும் வரலாறு. பட்டிமன்றத்தில் அவர் தோற்றதே இல்லை. வீட்டில் ஜெயித்ததே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து அவர் யோசித்துப் பார்த்ததும் இல்லை.

வந்த வினை இதுதான். மகள் இளவெயினி பிளஸ் ஒன் சேர வேண்டும். அவள் படிக்கும் பள்ளியில் இந்த வருஷம் முதல் தமிழுக்குப் பதிலாக ஜெர்மன் எடுக்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும். அந்த நாட்டுக்கே போய் இஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை.

"இந்தியை விரட்டி ஜெயில்ல களி தின்னவரு எங்கப்பா. அவரு பேத்தி ஜெர்மன் படிக்கிறதா?" என்றார் வீரையன்.

"மாமா இந்தியைத்தானே விரட்டுனாங்க. ஜெர்மன் அவங்களை ஒண்ணும் பண்ணலையே," என்றாள் அம்சவல்லி.

"அப்ப தமிழ் என்னாகுறது?"

"அதான் நீங்க நாள் முழுக்க வீட்டுல பேசுறீங்களே. பிள்ளைக்கு அது போதாதா?"

அதற்குப் பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

உண்மையில் வீரையனின் வலி மொழியில் இல்லை. மும்முனை மின்சாரம் வருகிற விடியற்காலையில் மோட்டார் போட அவர் கிளம்பினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு இளவெயினியும் வருவாள். வரப்பில் நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் பேசுவாள், அவர் கேட்பார். வேறு யார் பேச்சையும் அவர் அப்படிக் கேட்டது கிடையாது. அந்த மொழியைப் படித்தால் பெண் போய்விடுவாள் என்று பயந்தார். இதை எந்த மேடையிலும் சொல்லவில்லை, அம்சவல்லியிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அவளுக்குத் தெரியாது என்று நம்பினார், பாவம்.

அந்த வாரமே பள்ளித் தலைமையாசிரியை ஞானாம்பாள் போன் செய்தார். பெற்றோர் விழாவில் பட்டிமன்றம், 'இரண்டாம் மொழியாக ஜெர்மன் தேவையா, தேவையில்லையா' என்பது தலைப்பு, ஐயா அவசியம் பேச வேண்டும் என்றார். வீரையனுக்கு வாயெல்லாம் பல். தேவையில்லை அணிக்குத் தானே தலைவர் என்று ஒத்துக்கொண்டார்.

"அந்த அணிக்கு ஒரு அம்மா முதல்லயே பேர் குடுத்துட்டாங்க ஐயா. தேவை அணிக்குத்தான் ஆளே வரலை. அந்தப் பக்கம் நின்னு யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு பேசிக்கிறாங்க."

ஜெயிக்க முடியாது என்ற சொல்லை வீரையனின் காது தாங்காது. மாமியாரா மருமகளா என்ற தலைப்பில் தஞ்சாவூரில் மாமியாருக்கும், அதே வாரம் பட்டுக்கோட்டையில் மருமகளுக்கும் வெற்றி வாங்கித் தந்தவர் அவர். கொடுத்த அணியில் நின்று ஜெயிப்பவன்தான் பேச்சாளன் என்று சொல்லிச் சம்மதித்தார். அந்த அம்மா யார் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

தீர்மானம் வீட்டுக்குள் மட்டும்தானே செல்லும் என்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து படித்தார். மகள் குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். 'வாட்டர்' அங்கே 'வாஸர்' ஆகிறது என்று தெரிந்ததும், ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு இது பங்காளி மொழிதான் என்று பசுமாட்டிடம் முழங்கினார்.

விழா நாள் வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். நடுவர் நாற்காலியில் இருந்த ஞானாம்பாள், தேவையில்லை அணித் தலைவரை மேடைக்கு அழைத்தார். புதுச்சேலை கட்டிக்கொண்டு அம்சவல்லி ஏறி வந்தாள்.

அவள் பேசியது முழுக்க வீரையன் பேச்சு. மாமனார் ஜெயிலில் தின்ற களி, தமிழின் கதி, ஒன்று விடவில்லை. விரலை ஆட்டுவதுகூட அவரைப் போலவே ஆட்டினாள். கூட்டம் கைதட்டியது. வீரையனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

எழுந்தார். என் தகப்பனார் எதிர்த்தது திணிப்பை, படிப்பை அல்ல என்றார். பத்தாவது வரை படித்த தமிழ் மறந்துபோகும் என்பவர்கள் தமிழை அவ்வளவு நோஞ்சானாகவா நினைக்கிறார்கள் என்று கேட்டார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் தமிழ் படித்து, அச்சுக்கூடமும் வைத்தார். அவர் வைத்த அந்த மொய்யை நாம் இன்னும் திருப்பிச் செய்யவில்லை, இது தஞ்சைத் தரணிக்கே அவமானம் என்று முழங்கினார். பந்தல் அதிர்ந்தது.

அம்சவல்லி திரும்ப மைக்கைப் பிடித்தாள். இந்தத் தடவை விரலை ஆட்டவில்லை.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாஷையப் படிச்சா பொண்ணு அந்த ஊருக்குப் போயிடும். அப்பறம் விடியக்காலம் மோட்டார் போட அதோட அப்பா தனியாத்தான் வரப்புல நடக்கணும். எதிரணித் தலைவர்கிட்ட இதுக்குப் பதில் இருக்கா?"

பதில் இல்லை என்று வீரையன் சொன்னால் போதும், வழக்கு முடிந்துவிடும், பெண் வீட்டோடு இருப்பாள். முன் வரிசையில் இளவெயினி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வீரையன் மைக்கை வாங்கினார்.

"நாத்து பாக்க அழகா இருக்குன்னு நாத்தங்கால்லயே விட்டு வெச்சா கதிர் வராதுங்க," என்றார் மெதுவாக. "பறிக்கிறப்ப கை கூசத்தான் செய்யும். ஆனாலும் பறிச்சுத்தான் நடணும்."

இளவெயினி தலையை நிமிர்த்தினாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நடுவர் தேவை அணிக்கே தீர்ப்பளித்தார். மகள் பெயரை ஜெர்மன் வகுப்பில் சேர்க்கும்படி சபையறியச் சொன்னதும் வீரையன்தான்.

தன் வாயாலேயே மகளை ஜெர்மனுக்கு அனுப்பிவிட்டோம் என்பது டிவிஎஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்சவல்லி, காற்றில் பறந்த பொன்னாடையை இழுத்து அவர் தோளில் செருகினாள். இனி மோட்டார் போடத் தானே கூட வருவதாகச் சொன்னாள்.

"அதுக்கில்ல," என்றார் வீரையன். "நம்ம பக்கத்து நியாயத்தை நீ இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசியிருக்கலாம்."

"உங்க பக்கத்துக்கு நான் உசிரைக் குடுத்துத்தாங்க பேசினேன். என்னைத் தோக்கடிச்சதே நீங்கதானே."