பாதி மீசையும் ஒரு சுங்கானும்

யுத்த காலத்தில் என்னைப் பயமுறுத்தியவர்கள் பலர். ஆனால் என் வாழ்நாளிலேயே எனக்குப் பெரிய அநியாயம் செய்தவர் வாழைச்சேனைச் 'சலூன் அண்ணன்'தான்.

கரண்ட் நின்றதும் அவருடைய கண்ணாடித் தொட்டியில் காற்று விடும் மோட்டரும் நின்றது. கொழும்பு அழகு மீன்களெல்லாம் செத்தன. மனிதர் சும்மா இருந்தாரா? வாய்க்காலில் ஒரு சுங்கானைப் பிடித்துவந்து விட்டார். சேற்று நிறம், பூனை மீசை, முள் குத்தினால் கை பந்தாக வீங்கும். ஊரே கறிவைக்கிற மீனைக் காட்சிக்கு வைத்த ஒரே ஆள் அவர்தான்!

"இதுக்கு மோட்டர் வேணாம் மனே. மேல வந்து தானே மூச்செடுக்கும். பாருங்க!"

அது மேலே வரும்வரை சவரக் கத்தி என் தொண்டையிலேயே நிற்கும். நியாயமா, சொல்லுங்கள்?

மாரியின் முதல் மழையன்று மீசை ஒதுக்கப் போனேன். மழைச் சத்தம் கேட்டால் சுங்கான் நின்ற இடத்தில் நிற்காது, ஈர நிலத்தில் ஊர்ந்தே போய்விடும். மூடியில்லாத தொட்டியிலா நிற்கும்? பாய்ந்தது. அண்ணன் திடுக்கிட்டதில் என் பாதி மீசை போனது. மன்னிப்புக் கேட்டாரா? கத்தியைப் போட்டுவிட்டு மீனுக்குப் பின்னால் ஓடினார்.

அந்த நேரம் பார்த்து இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களை வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். என் அடையாள அட்டையில் முழு மீசை, முகத்தில் பாதி. சிப்பாய் என்னைத் தனியாக ஒதுக்கினான். ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பியதில்லை.

ஒளிக்கத் தெரிந்தவர்களெல்லாம் ஒளித்துக்கொண்ட அந்த வீதிக்கு ஒருவர் மட்டும் தானாக ஓடிவந்தார். ஒரு கையில் மீனோடு சவரக் கிண்ணம், மற்றக் கை வீங்கியிருந்தது.

"சேர், பிழை என்ட. இந்த மீன்ட. இவர்ட மீசையில ஒரு பிழையும் இல்ல!"

சிப்பாய் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான். "ஹுங்கா!" என்றான், சுங்கானுக்குச் சிங்களத்தில் சொல்லும் பெயரால். அவனும் வயல்காரன் வீட்டுப் பிள்ளை போலும். வீங்கிய கையைக் கண்டதும் அவன் முகம் சுளித்தது. தன் விரலில் இருந்த பழைய தழும்பைக் காட்டிச் சிரித்துவிட்டு என் அட்டையைத் திருப்பி நீட்டினான்.

திரும்பும்போது வெடித்தேன். "அண்ணே, என்ட மீசை?"

"அது முளைக்கும் மனே." கிண்ணத்து மீனைக் காட்டினார். "இவர் செத்திருந்தா?"

"நான் செத்திருந்தா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே நடந்தார். "அதுக்குத்தானே ஓடி வந்தன்."

ஒரு மாதம் அவரோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மறுநாள் காலையிலேயே கம்பிவலை ஒன்று கொண்டுபோய், வீங்கிய கையால் அவருக்கு முடியாதென்று, அந்தத் தொட்டிக்கு நானே மூடி கட்டிக் கொடுத்தேன்.