மாலை மணியில் மாட்டிக்கொண்ட தற்காலிக ஆளுநர்

பாகோ பாகோ,
வியாழக்கிழமை.

ஹவாயில் இருக்கும் அன்புள்ள ஃபுவாதினோ அக்காவுக்கு,

துணை ஆளுநரும், ஐந்து நாள் தற்காலிக ஆளுநரும், என்றைக்கும் உன் தம்பியுமான இயோசெஃபோ எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழையும் நலம், விட்டபாடில்லை.

இங்கே நம்ம ஊரில் இருக்கும் உன் மகன் லஃபாயெலேயின் மன்னிப்புப் பத்திரம் பற்றித்தான். ரக்பி மைதானத்தில் ஒருத்தன் தாடையைப் பெயர்த்த அந்தப் பழைய வழக்கால், உன் ஊர்க் கப்பல் துறையில் அவனுக்கு வேலை இல்லை என்று அழுதாய். நம் ஆளுநரோ மாட்டேன் என்றும் சொல்லாமல், கையெழுத்தும் போடாமல், நாலு வருஷமாக இழுத்தடித்தார். அவர் வாஷிங்டன் போனார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவருக்குக் கொடுத்த அதிகாரமெல்லாம், அவர் விமானம் திரும்பி இந்தத் தீவைத் தொடும்வரை எனக்கு. சட்டத்தைத் திருப்பி அனுப்பலாம், புயல் வந்தால் நெருக்கடி நிலை அறிவிக்கலாம், குற்றவாளியை மன்னிக்கலாம். நான் செய்ததென்ன? மூணு சாவு, ஒரு தேவாலயத் திறப்பு, எல்லாவற்றிலும் பேச்சு. அவர் திரும்புகிற நாளான இன்றைக்குச் சாயந்திரம் ஆபீசில் பேனாவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடி வீட்டில்!

ஓடினேன் அக்கா. கண்ணாடியோடு திரும்பும்போது நம்ம ஊரில் மாலை ஜெபத்துக்கு, மணியாகத் தொங்கும் காலி காஸ் சிலிண்டரை டங் டங்கென்று தட்டிவிட்டார்கள். ஜெபம் முடியும்வரை ரோட்டில் ஆளோ வண்டியோ அசையக்கூடாதே! ரோட்டில் காவலுக்கு நின்று என் காரை மறித்தவன் யார்? உன் பிள்ளை!

"மாமா, வண்டிய நிறுத்துங்க."

"டேய், உன் மன்னிப்புக்குத்தான்டா ஓடுறேன்! விமானம் இறங்கிடும்டா. நான் ஆளுநர்டா!"

"இருந்துட்டுப் போங்க. ஜெபம் முடியட்டும்."

பொறுக்காமல் வண்டியைப் பத்தடி நகர்த்தினேன். குறுக்கே வந்து நின்றான். வீடுகளிலிருந்து பாட்டு வந்தது, தலைக்கு மேலே விமானமும் வந்தது. என் பதவி போயிற்று. அவன் அண்ணாந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர், ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை. இவனையா குற்றவாளி என்றோம் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. இந்தத் தம்பியை மன்னித்துவிடு அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கர்த்தர் காக்கட்டும்.

உன் தம்பி,
இயோசெஃபோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது போன் வந்தது. ஆளுநர் ஹொனலூலுவில் விமானத்தைத் தவறவிட்டாராம். அடுத்த விமானம் திங்கட்கிழமைதான், அதுவரைக்கும் நான்தான் ஆளுநர்! கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் பிள்ளைக்கு மன்னிப்பு. ஆனால் ஜெப நேரத்தில் வண்டியை நகர்த்தியதற்கு ஊர்ச்சபை எனக்கு ஒரு பன்றி அபராதம் போட்டிருக்கிறது. அங்கே ஆளுநரின் மன்னிப்பெல்லாம் செல்லாதாம். சாட்சி சொன்னது உன் பிள்ளை. பன்றியை ஓட்டிப்போக நாளைக்கு அவனேதான் வருகிறான்.