ஒரு பெயர் கொடுக்கப் பன்னிரண்டு பேர்

"பன்னெண்டு மணிக்குள்ள ஒரு பேரு குடுக்கணும், அவ்வளவுதானே? யாராவது ஒருத்தர் குடுங்களேன்" என்றாள் மார்னி.

அவள் வாயை மூடுவதற்குள் கிளைவ் எழுந்துவிட்டார்.

"யாராவது ஒருத்தர்! கேட்டீங்களா? ஆதிக்கம் இப்படித்தான் ஆரம்பிக்குது."

சமூகக்கூடத்துக் கடிகாரம் பத்து இருபது காட்டியது. பிண்டர்ஸ் கிரீக் ஊரின் ஒரே நீச்சல்குளத்தை மண் கொட்டி மூடுவதா என்று நகரசபை அன்று மாலை வாக்கெடுக்கப் போகிறது. நண்பகலுக்குள் பெயர் பதிந்தால் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். பதியாவிட்டால் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரலாம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குளத்தில் மார்னிதான் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். வெயில் காலம் வந்தால் பிள்ளைகள் ஆற்றில் குதிக்கும். யார் தடுத்தாலும் குதிக்கும். குளம் போய்விட்டால் நீந்தத் தெரியாமல் குதிக்கும்.

குளம் காப்புக் குழுவிலோ தலைவர் கிடையாது. பன்னிரண்டு பேரும் சமம். அத்தனை பேரும் ஒப்பாமல் ஒருவரும் வெளியில் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. சம்மதம் என்றால் இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். ஒரே ஒருவர் முஷ்டிகளைக் குறுக்கே வைத்துத் தடுத்தாலும் தீர்மானம் அம்போ.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் கிளைவ். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மெல்பர்னில் குழு நடத்தும் முறை பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து பெரிய தாளும் தடிப் பேனாவும் இல்லாமல் அவருக்குப் பேச்சு வருவதில்லை. இப்போதும் மூன்று வட்டம் போட்டுவிட்டார்.

"அதிகாரம் மூணு வகை. அடுத்தவன் தலைமேல ஏறி உக்கார்றது ஒண்ணு. எல்லாரும் சேர்ந்து உண்டாக்கறது ஒண்ணு. நமக்குள்ளயே இருக்கறது ஒண்ணு. நாம இப்ப எந்த வட்டத்துல நிக்கறோம்?"

"நேரம் ஓடிட்டிருக்கற வட்டத்துல" என்றாள் மார்னி. "ஹெதர் பேசட்டுமே. அவளுக்கு நல்ல குரல்."

விரல்கள் ஆடின. பானை வனையும் ஹெதர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். குழாய் வேலை பார்க்கும் டாரில் மட்டும் முஷ்டிகளைக் குறுக்கே வைத்தான்.

"ஏம்ப்பா?"

"ஹெதர் தங்கமான பொண்ணுதான். ஆனா ஊருக்கு வந்து ஒம்பது வருஷம்தானே ஆகுது?"

ஹெதரின் முகம் சிவந்தது. "ஒம்பது வருஷமா உன் வீட்டுக் கோழிக்கு நான்தானே தீனி வைக்கிறேன், நீ ஊருக்குப் போறப்பல்லாம்! அப்ப நான் உள்ளூர்க்காரி. பேசறதுன்னா வெளியூர்க்காரியா?"

கோழிப் பிரச்சினை ஓய இருபது நிமிஷம் ஆயிற்று.

"சரி, சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்று மார்னி தன் தொப்பியைக் கழற்றினாள்.

"பொறுப்பைத் தூக்கி அதிர்ஷ்டத்துகிட்ட குடுக்கறதா? நாம எதுக்கு இருக்கோம் பின்ன?" என்றார் கிளைவ். நாலு பேர் விரலாட்டினார்கள். மார்னி தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

எப்படி முடிவெடுப்பது என்று முடிவெடுக்க மூன்று பேரைச் சமையலறைக்கு அனுப்பிப் பார்த்தாள். பதினொன்றேகாலுக்கு அவர்கள் திரும்பி வந்தபோது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கையில் நாலு யோசனை இருந்தது. அதில் ஒன்று, பன்னிரண்டு பேரும் மேடையேறி ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி வாக்கியத்தை முடிப்பது.

மார்னி கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லோரையும் கொஞ்சம் ஆற விட்டால் சரியாகும் என்று நினைத்து, "தேநீர் குடிச்சிட்டு வருவோமா?" என்று கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். கூட்டம் கலைந்தது. ஆளாளுக்குக் கோப்பையோடு இங்குமங்கும் போனார்கள், வந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு மறுபடி உட்கார்ந்தபோது டாரில் கை தூக்கினான்.

"தேநீர் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இடைவேளைன்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"மார்னிதான்" என்றாள் ஹெதர். காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"தனியா?"

"தனியாத்தான். நான் வேணாம்னு சொல்றதுக்குள்ள தண்ணி கொதிச்சிருச்சு."

கிளைவ் முதல் வட்டத்துக்குள் 'தேநீர்' என்று எழுதினார். "மார்னிம்மா, தப்பா எடுத்துக்காதே. உன்னைக் குத்தம் சொல்லலை. அந்த நிமிஷத்துல உனக்கு எப்படி இருந்துச்சு, அதைப் பத்தி ஒரு சுத்துப் பேசுவோம்."

"தாகமா இருந்துச்சு கிளைவ்!"

யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று சுற்று ஆரம்பமாயிற்று. பதினொன்று ஐம்பது. இவர்கள் பேசிப் பேசியே குளத்தைத் தூர்த்துவிடுவார்கள் என்று மார்னிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. "பாத்ரூம்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தாள்.

கூடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மார்னி அங்கே நின்று நகரசபை எண்களைத் தட்டினாள். விரோதிக்குச் செய்யலாம், நண்பர்களுக்குச் செய்யலாமா இதை? பதினோரு பேரை உள்ளே உட்கார வைத்துவிட்டு முதுகில் குத்துகிறோமே! கிளைவுக்குத் தெரிந்தால் அந்த மனிதர் உடைந்துபோய்விடுவார். ஆனால் ஆற்றுப்பாலத்தின் மேலிருந்து குதிக்கிற பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"நகரசபை, ரோண்டா பேசறேன்."

"சாயங்காலக் கூட்டத்துல பேசறதுக்கு ஒரு பேர் பதியணும். குளம் விஷயமா. மார்னி ஹஸ்கின்ஸ்." அவள் தொட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள். "குழு சார்பா இல்லைங்க, என் பொறுப்புல. தயவுசெஞ்சு எங்க ஆளுங்க யாருக்கும் சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவாங்க."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"பதிஞ்சுட்டேம்மா. நேத்து சாயங்காலம் கிளைவ்ல ஆரம்பிச்சு உங்க ஆளுங்க மிச்சப் பதினோரு பேரும் இதையேதான் சொல்லிட்டுப் பேர் குடுத்தாங்க, உங்களை மட்டும் காணோமேன்னு இவ்வளவு நேரம் எனக்குத்தான் கவலையா இருந்துச்சு."