தரையை விட்டுக் காலைத் தூக்காத தேய்ப்பு அக்கா

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது; மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்திலேயே தரையை விட்டுக் காலைத் தூக்காத ஒரே மனுஷி எங்கள் தெரு தேய்ப்பு அக்காதான். அவள் புருஷனைக் கரையோரத் தண்ணீரில் திருக்கை மீன் வாலால் கொட்டி, கால் யானைக்கால் போல வீங்கிவிட்டது. மணலில் பதுங்கிக் கிடக்கும் அதை மிதித்தால் கொட்டும். காலைத் தேய்த்து நடந்தால் விலகிப் போய்விடும். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீரில் மட்டும் அப்படி நடப்பார்கள். அக்கா மார்க்கெட்டிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். பூசையில் அவள் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போனால் பாடகர்கள் இன்னொரு பாட்டு சேர்த்துப் பாட வேண்டும்.

"ரோட்டுல ஏதுக்கா திருக்கை?" என்பாள் எதிர்வீட்டு ஸ்டெல்லா.

"பழக்கம் வுட்டுப்போச்சுன்னா தண்ணில மறந்துடும்மே!"

போன வருஷம் தெருப் பெண்கள் பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். பூநாரை பார்க்க முழங்கால் தண்ணீரில் மணல்திட்டுக்கு நடந்தோம்.

"மெதுவா வாங்கமே. பறவை இன்னா பஸ்ஸா, கெளம்பிப் பூட?" என்று அக்கா பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அவளைத்தான் முதலில் கரைக்கு அனுப்பினோம். நான் கடைசி. நடுவழியில் என் காலுக்கடியில் தட்டையாக, வழவழவென்று ஒன்று அசைந்தது.

நின்றுவிட்டேன். யாரையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்றைக்கும் வாய் வரவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது.

"இன்னா வேடிக்க பாத்துகினுகீறே? வாமே!" கரையிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்.

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவள் அக்கா ஒருத்திதான். "காலத் தூக்காதமே! அப்டியே நில்லு!"

திரும்பத் தண்ணீரில் இறங்கினாள். அப்போதும் தேய்த்துத் தேய்த்துத்தான். ஒரு ஜெபமாலை முழுதாகச் சொல்லி முடித்திருக்கலாம். அவள் வந்து சேரும்போது தண்ணீர் என் இடுப்பில்.

"கொட்டுனா என் கைய கொட்டட்டும். நீ அசையாத."

மூக்கைப் பிடித்து முங்கினாள். என் காலுக்கடியில் வெறுங்கையை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ரப்பர் செருப்பு. தேய்ந்து தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்த, அவளுடைய செருப்பே. போகும்போது சேற்றில் கழன்றிருக்கிறது.

"அடச்சீ! காலிலேந்து எப்ப பூட்ச்சோ தெரிலயே!"

கரையில் சிரிப்பு அடங்கவே இல்லை. அவள் மட்டும் சிரிக்காமல், கரை வரைக்கும் என் கையை விடாமல், "தேய், தேய்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அக்கா இப்போது எண்ணூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அது இடது செருப்பா, வலதா என்று எனக்கு மறந்துவிட்டது. அவளைப் பார்க்கிறவர்கள் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தண்ணீருக்கடியில் கை நடுங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லையென்று சாதிப்பாள். என் காலுக்குத் தெரியும்.