பை வைத்த சீட்டு

மகளுக்கு உதவி செய்கிறேன் என்று எழுந்திருக்கும் அப்பாவை முதலில் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் எந்தத் திரையிலாவது 'ரீஸ்டார்ட்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர் நான். இருந்தது ஒரே சர்வர். அதை எட்டாகப் பிரித்து, எட்டுத் தனிக் கணினிகள் போல இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தோம். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். (ஒரே வீட்டில் தடுப்பு வைத்து எட்டுக் குடித்தனம் விடுவது மாதிரி.) நான்காவது மெஷின் என் மகள் ரீட்டாவுக்கு. தக்காளி இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் புராஜெக்ட். அதை வெளியூர்த் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் அவளுக்குக் கிடைத்திருந்த பெங்களூரு வேலை உறுதியாகும்.

அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பயமெல்லாம் எனக்குத்தான். நடுவில் மெமரி தீர்ந்து மெஷின் நின்றுவிட்டால்? ஒரு வாரம் உட்கார்ந்து நானே ஒரு டூல் எழுதினேன். படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால், எட்டு மெஷினிலும் எவ்வளவு மெமரி மிச்சம் என்று வரிசையாக வரும். பெருமையோடு மனைவியிடம் காட்டினேன்.

"இந்த எட்டு வரிக்கா ஒரு வாரமா கோழிக்கொழம்புகூட ருசி தெரியாம தின்னீங்க?" என்றாள்.

தேர்வு நாள். பக்கத்து அறையில் ரீட்டா பேச ஆரம்பித்துவிட்டாள். நான் லேப்பில் என் லேப்டாப்போடு அமர்ந்து, "அந்தோணியாரே" என்று என்டரைத் தட்டினேன்.

நான்காவது மெஷின்: மிச்சம் மூன்று சதவீதம்.

அதற்கு மெமரி மிஞ்சட்டும் என்று மற்ற ஏழு மெஷின்களையும் அணைத்தேன். மறுபடி தட்டினேன். அதே மூன்று. (தங்கள் முறைக்காக வராந்தாவில் காத்திருந்த மற்ற ஏழு பிள்ளைகளும் அப்புறம் என்னைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது.) கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நான்காவதையே ரீஸ்டார்ட் செய்தேன். அவள் முன்னுரை முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பு. வந்ததும் தட்டினேன். மிச்சம் எண்பது சதவீதம்!

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினேன்.

"ரீட்டா! எம்பது சதவீதம் காலிம்மா! இனிமே பயமில்ல!"

சுவர்த் திரையில் பாதித் தக்காளி இலை உறைந்து நின்றது. அதன்மேல், 'இணைப்பு துண்டிக்கப்பட்டது.' தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க யாருங்க?"

"லேப் இன்சார்ஜுங்க சார்." அப்புறம், "இவ அப்பாவுங்க."

ரீட்டா என்னைத் திட்டியிருக்கலாம். என் கையிலிருந்த லேப்டாப்பை வாங்கி, நான் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், டவுன் பஸ்ல சும்மா கெடக்கற சீட்டுல பைய வெச்சிருப்பாங்க இல்லீங்களா? ஆளு வந்து நின்னா எடுத்து மடில வெச்சுக்குவாங்க. அந்த மாதிரி, படிச்ச எலைப் படமெல்லாம் மறுபடி வேணுமேன்னு மெஷினு காலியா இருந்த மெமரில வெச்சிருந்துச்சுங்க. கேட்டா ஒடனே விட்டுரும். எங்கப்பாவோட டூலு, பை வெச்ச சீட்டையும் ஆளு ஒக்காந்த சீட்டுன்னு எண்ணிருச்சுங்க."

"அதுக்கு?"

"அதுக்கு, பஸ்ஸ நிறுத்தி எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டாருங்க."

தேர்வாளர் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த டீ தளும்பியது. "சரிம்மா, அந்தத் தப்ப இப்பவே திருத்திக் காட்டு" என்றார். ஒரே ஒரு வரியை மாற்றினாள். புராஜெக்டையும் மறுபடி ஓட்டிக் காட்டினாள். தேறினாள். நான் மூலையில் நின்று கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன். (தூசி என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.)

இப்போது அவள் பெங்களூருவில் இருக்கிறாள். போன் செய்தால், பின்னணியில் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள். என் பழைய பயம் உடனே எழுந்துவிடும்.

"வேலையா இருப்பியேம்மா... அப்பறம் பேசட்டா?"

"பைதாம்ப்பா இருக்குது. எடுத்து மடில வெச்சுக்கறேன். நீங்க ஒக்காருங்க."