அப்பவே எழுதிட்டான்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ‘அப்பவே எழுதிட்டான்’ வகை. ஒரு சர்வாதிகார அரசு குடிமக்களை இரவும் பகலும் கண்காணிப்பதையும், நேற்று சொன்னதை இன்று சொல்லவே இல்லை என்று சாதிப்பதையும் பற்றி எந்தக் காலத்திலோ எழுதப்பட்ட நாவல் ஒன்று இருக்கிறதே, உலகத்தில் எது நடந்தாலும் அதில் ஏற்கெனவே இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள். இவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? நான் இவர்கள் சங்கத்தில் மூத்த உறுப்பினன்.

அடையாளம் காண்பது சுலபம். மாடிப்படியில் கேமரா மாட்டினாலும், செருப்பு வாங்கலாமா என்று மனைவியிடம் பேசி முடிப்பதற்குள் செல்போனில் செருப்பு விளம்பரம் வந்து நின்றாலும், அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஆபீஸ் கதவு திறக்கும் என்று உத்தரவு போட்டாலும், இவர் ஒரு பெருமூச்சு விட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “அப்பவே எழுதிட்டான்” என்று சொல்லிவிட்டு, “யாரு சார்?” என்று யாராவது கேட்கக் காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால்? அவரே சொல்வார். புத்தகம் வீட்டு வரவேற்பறையில், வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கும். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும். டிக்கெட் பழுத்திருக்கும்.

வீட்டில் இவர் கருத்துச் சுதந்திரத்தின் காவலர். டிவி ரிமோட் மட்டும் இவர் கையில். மகள் போனில் யாரோடு பேசுகிறாள் என்று கதவோரம் நின்று கேட்பார். அது கண்காணிப்பு இல்லையாம், அக்கறையாம்.

“போன வாரம்தானே வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம்னு சொன்னீங்க?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“ஓகோ. இதுவும் அந்த நாவல்ல இருக்கா?”

கேட்டவள் என் மனைவி. ‘இவர்’ என்று நான் சொல்லிக்கொண்டிருப்பது என்னைத்தான். கொஞ்சம் தள்ளி நின்று சொன்னால் வலி குறைகிறது.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால் பதிலுக்கு லீவு உண்டு என்று எங்கள் மேனேஜர் கூட்டத்தில் வாயாரச் சொல்லியிருந்தார். அதை நம்பி ஞாயிறு தவறாமல் வந்தவர் பக்கத்து மேசையில் பில் போடும் அம்மா. அவருடைய தாயாருக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் இல்லை. அதற்கு அவர் லீவு கேட்கவிருந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத்தான் நாவலை விளக்கிக்கொண்டிருந்தேன். “நேத்து சொன்னதை இன்னைக்கு இல்லைம்பாங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க. எப்படித்தான் மனசு வருதோ.” கை கழுவியதும் அவர் லீவு கேட்கக் கிளம்பினார், என்னையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு.

“நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?” என்றார் மேனேஜர், நிமிராமலே.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களும் இருந்தீங்கல்ல? சொன்னாரா இல்லையா?”

இப்போது மேனேஜர் நிமிர்ந்தார். பதவி உயர்வுக்கு என் பெயரும் போயிருக்கிறது என்று முந்தின நாள்தான் காதில் விழுந்திருந்தது.

“அன்னைக்கு ஃபேன் சத்தம் கொஞ்சம் அதிகம்” என்றேன்.

என்ன வாக்கியம் பாருங்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. நாவலில் வருகிற அரசுக்கு ஒரு மனிதனை மடக்கப் படையும் சிறையும் வேண்டியிருந்தன; எனக்கு ஒரு மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததே போதும். லீவு கிடைக்கவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போயிற்று.

வெளியே வந்ததும் அந்த அம்மா சண்டை போடவில்லை. “அந்தக் கதையில தலையாட்டுறவங்களுக்குக் கடைசியில என்ன ஆகும் சார்?” என்று மட்டும் கேட்டார். படித்திருந்தால்தானே சொல்ல? வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

மனம் தாங்காமல் இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். “எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான்” என்றார் உற்சாகமாக. நீங்களும் இதைப் படிக்கும்போது உங்கள் மைத்துனரையோ எதிர்வீட்டுக்காரரையோ நினைத்து, ‘அப்படியே அவரேதான்’ என்று சிரித்தீர்களா? எங்கள் வகைக்கு அதுதான் லட்சணம். எந்தக் கதையைக் கையில் கொடுத்தாலும் அதில் அடுத்தவர்தான் எங்களுக்குத் தென்படுவார். கவலைப்படாதீர்கள், சந்தா எதுவும் கிடையாது. நீங்கள் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று.